சிந்தாத கட்டு

"சாமியம்மா, பொட்டு நாலு நாளா எதுலயும் வாய் வைக்கல."

கோமதிநாயகம் வாசற்படியிலேயே நின்றார். கையில் ஒரு கட்டு அகத்திக்கீரை. காலையில் பறித்தது. வெயிலில் வாடிப் போயிருந்தது.

சாமியம்மா கூட்டிக்கொண்டிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

மலையடிவாரத்துச் சின்ன மடம் அது. சாமியம்மா அதன் குரு. கோமதிநாயகம் சீடர். குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது அதிகம். ஆனாலும் அவர் குருவைச் சாமியம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

மடத்தின் சமையல்கட்டு கோமதிநாயகம் பொறுப்பு. மலையேற வருகிற நூறு பேருக்குத் தினமும் மதியச் சாப்பாடு.

பொட்டு மடத்துப் பசு. நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு. பிறந்த மறுநாளே தாயை இழந்த கன்று. புட்டியில் பால் ஊட்டி வளர்த்தவர் கோமதிநாயகம்தான்.

"நாலு நாளா எங்கிட்டச் சொல்லலையே, அண்ணாச்சி?"

"சரியாயிரும்னு நெனச்சேன். வெல்லம் குடுத்தேன், பாக்கல. பழம் குடுத்தேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. இன்னைக்கு என் கையக்கூட நக்கல."

இருவரும் தொழுவத்துக்குப் போனார்கள்.

பொட்டு நின்றுகொண்டிருந்தது. இடது வயிறு புடைத்திருந்தது. சாமியம்மா கையை மூடி அந்த இடத்தில் அழுத்தினார்.

எடுத்தபின்னும் பள்ளம் அப்படியே இருந்தது. பிசைந்த மாவில் கை பட்டதுபோல.

"டாக்டரம்மாவக் கூப்பிடுங்க."

*

டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கோமதிநாயகத்தால் உட்கார முடியவில்லை.

"எவனோ கண்டதையும் போட்டிருக்கான், சாமியம்மா. மலைக்கு வாரவங்கதான். இல்லாட்டி அந்த பஜ்ஜிக் கடைக்காரன்."

சாமியம்மா பொட்டின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எவனா இருந்தாலும் நீங்க ஒரு சாபம் குடுக்கணும்."

"எனக்குச் சாபம் குடுக்கத் தெரியாது, அண்ணாச்சி."

"தெரிஞ்சவங்க யாருன்னாவது சொல்லுங்க. பஸ் பிடிச்சுப் போயிட்டு வாரேன்."

சாமியம்மா சிரிக்கவில்லை.

"நம்ம மிச்சச் சோத்த எங்க வைக்கீக?"

கோமதிநாயகத்தின் முகம் தெளிந்தது. இது அவருக்குப் பிடித்த பேச்சு.

"பின்வாசல் குப்பைத் தொட்டியிலதான். சும்மா கொட்டுவேனா? கவருக்குள்ள கவர் போட்டு, நீல நைலான் நூல் மூணு சுத்து சுத்தி, நுனிய உள்ள செருகிருவேன். நம்ம தெருவுல ஒரு பருக்க கெடக்குதா, பாருங்க. ஒரு ஈ உண்டா?"

உண்மைதான். மடத்துக்கு வருமுன் அவர் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பார்சல் கட்டினார். இருபத்திரண்டு வருடம். அவர் கட்டிய மூட்டை பஸ் கூரையில் ஏறிச் சென்னை வரை போனாலும் குலையாது.

"இந்தக் கட்டு வேற எவனுக்கும் வராது, சாமியம்மா. கத்தரிச்சாத்தான் உண்டு."

ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் சாமியம்மா அவர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு சொட்டுச் சிந்தாமக் கட்டுறீகளே, அண்ணாச்சி!" என்றார்.

சாமியம்மா யாரையும் லேசில் மெச்சுகிறவர் இல்லை. அந்தச் சொல்லைக் கோமதிநாயகம் இன்றுவரை மறக்கவில்லை. ஒவ்வொரு கட்டுக் கட்டும்போதும் அது காதில் கேட்கும்.

"பஞ்சாயத்து வண்டியும் ஒழுங்கா வருது, சாமியம்மா. மூணு மணிக்கு வச்சா அஞ்சு மணிக்கு இருக்காது."

சாமியம்மாவின் கை பொட்டின் காதில் நின்றது.

"பஞ்சாயத்து வண்டி செவ்வாக்கிழமை மட்டுந்தான வரும்?"

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கோமதிநாயகம் ஓடினார். அந்தக் கேள்வி தொழுவத்திலேயே நின்றது.

*

டாக்டர் பெனிட்டா பொட்டின் வயிற்றில் காது வைத்துக் கேட்டார். தட்டினார். மறுபடி கேட்டார்.

"கவர் தின்னுருக்கு."

"ஒண்ணு ரெண்டு தின்னா வெளிய வந்துராதா, டாக்டரம்மா?"

"வராது, ஐயா. உள்ளயே கெடக்கும். ஒண்ணோட ஒண்ணு சுத்திக்கும். வயிறு நெறஞ்ச மாதிரியே இருக்கும். அப்புறம் எப்படித் தீனி எடுக்கும்? இன்னைக்கே திறக்கணும்."

"மாடு எதுக்குங்க கவரத் திங்குது? அதுக்குப் புத்தி இல்லையா?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "உள்ள சோறு வாசன அடிக்கும். கட்டி வச்சிருப்பாங்க. அவுக்க மாட்டுக்குக் கையா இருக்கு? அப்படியே முழுங்கிரும்."

கோமதிநாயகத்துக்குக் கண் சிவந்தது.

"அப்ப அவனுக்கும் கை இருக்கக் கூடாது! சாமியம்மா, கேட்டீகளா? கட்டினவன் கையப் பின்னால வச்சு, அத்தனையையும் பல்லால அவுக்க வைக்கணும். ஒண்ணு மிச்சம் விடக் கூடாது!"

சாமியம்மா அவரைப் பார்த்தார்.

"வேற ஏதாவது சொல்லுங்களேன், அண்ணாச்சி."

"முடியாது. இதுதான்."

"மன்னிச்சு விட்டா?"

"பொட்டு மன்னிக்குமா?"

சாமியம்மா தலைகுனிந்தார்.

*

வேப்பமரத்தடியில் பொட்டை நிற்கவைத்துக் கட்டினார்கள். இடது விலாவில் முடியை மழித்தார் டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டார்.

கோமதிநாயகம் தலையைப் பிடித்துக்கொண்டார். பொட்டின் நெற்றியும் அவர் நெற்றியும் ஒட்டியிருந்தன. பின்னால் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டரின் கை தோள்வரை உள்ளே போனது.

வாளியில் ஏதோ தொப்பென்று விழுந்தது.

மறுபடி.

மறுபடி.

"இன்னொரு வாளி கொண்டாங்க" என்றார் டாக்டர்.

சாமியம்மா அண்டாவில் தண்ணீர் நிரப்பி, எடுத்துப்போட்டதை ஒவ்வொன்றாக அலசினார். தண்ணீர் சலசலத்தது. கறுத்துப்போன கவர்கள். பால் பாக்கெட். அறுந்த செருப்பு வார் ஒன்று.

திடீரென்று சலசலப்பு நின்றது.

"என்ன, சாமியம்மா?" கோமதிநாயகம் திரும்பாமல் கேட்டார்.

"தலையப் பிடிங்க, அண்ணாச்சி."

மறுபடி தண்ணீர் சத்தம். இப்போது மெதுவாக.

"இது என்ன கட்டு!" என்றார் டாக்டர். "முடிச்சே தெரியலையே. கத்தரிச்சாத்தான் உண்டு போல."

பொட்டின் மூச்சுச் சத்தத்தில் கோமதிநாயகத்துக்கு அது காதில் விழவில்லை.

மூன்றாவது வாளியும் நிறைந்தது. டாக்டர் தையல் போட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள அசைபோட்டுச்சுன்னா பொழச்சுக்கும்."

"போடலன்னா?"

டாக்டர் கையைக் கழுவப் போய்விட்டார்.

*

பொட்டைத் தொழுவத்தில் விட்டுவிட்டு வந்தார் கோமதிநாயகம். சட்டையெல்லாம் எச்சில். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவின் பக்கம் வந்தார்.

"காட்டுங்க, சாமியம்மா. அந்தப் பாவி போட்டதப் பார்ப்போம்."

சாமியம்மா நகரவில்லை.

அவருக்குப் பின்னால் சாக்கு விரித்திருந்தது. அதன்மேல் அலசிய கவர்கள், உருண்டை உருண்டையாக, வரிசையாக இருந்தன. முப்பத்தேழு.

சாமியம்மா ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

கவருக்குள் கவர்.

நீல நைலான் நூல்.

மூன்று சுற்று.

நுனி உள்ளே செருகியிருந்தது.

கோமதிநாயகம் அதைத் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். மூன்று சுற்று. அதற்கடுத்தது. மூன்று சுற்று.

"வேற யாரோ..." என்றார்.

சாமியம்மா இன்னொரு கட்டை எடுத்து நீட்டினார்.

"எங்கிட்டப் பாத்துப் பழகினவன் எவனாவது..."

அவர் குரல் அங்கேயே நின்றது. 'வேற எவனுக்கும் வராது' என்று தொழுவத்தில் தான் சொன்னது தனக்கே கேட்டிருக்க வேண்டும்.

பின்வாசல் திறந்து கிடந்தது. தொட்டி தெரிந்தது. மேய்ச்சலுக்குப் போன பொட்டு தினமும் அந்த வாசல் வழியாகத்தான் திரும்பி வரும். நாலு மணிக்கு.

கோமதிநாயகம் தொட்டியைப் பார்த்தார். சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டி ஒரு கட்டைத் தொட்டார். தொட்டது சுட்டதுபோல இழுத்துக்கொண்டார்.

பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோனார். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டார்.

குனிந்தார்.

நீல நூலைப் பல்லால் கவ்வினார்.

"ஐயா! என்ன பண்றீங்க?" டாக்டர் ஓடிவந்தார். "கிருமி இருக்கும், ஐயா! சாமியம்மா, சொல்லுங்களேன்! கத்தரி இருக்கு, நான் தாரேன்."

சாமியம்மா டாக்டரின் கையைப் பிடித்து நிறுத்தினார். கோமதிநாயகத்தைத் தடுக்கவில்லை.

*

வெயில் சாய்ந்தது.

முதல் கட்டே இன்னும் அவிழவில்லை. கோமதிநாயகத்தின் உதடு கிழிந்திருந்தது. நூலில் ரத்தம் பட்டிருந்தது. பல்லில் பிடித்தால் வழுக்கியது. வழுக்கினால் உருண்டது. உருண்டதைத் தாடையால் தடுத்து மறுபடி கவ்வினார்.

எத்தனையோ பேர் அவர் கட்டை அவிழ்க்க முடியாமல் சிரித்துக்கொண்டே கத்தரி கேட்டிருக்கிறார்கள். அவரும் கூடச் சிரித்திருக்கிறார்.

தொழுவத்திலிருந்து டாக்டர் கத்தினார்:

"அசைபோடுது! சாமியம்மா, அசைபோடுது!"

கோமதிநாயகத்தின் தோள்கள் குலுங்கின. எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. பல்லில் நூல் சிக்கியிருந்தது. குனிந்தபடியே கேட்டார். தொழுவத்தில் பொட்டு மென்றுகொண்டிருந்தது. நிதானமாக, ஈரமாக, அந்தச் சத்தம்.

அந்த நேரத்தில் நூல் நெகிழ்ந்தது.

ஒரு சுற்று. இரண்டு. மூன்று.

வெளிக் கவர் திறந்தது. உள் கவர் திறந்தது. புளித்த நெடி முகத்தில் அடித்தது.

உள்ளே சாம்பார் சோறு இருந்தது. கறிவேப்பிலைகூட இருந்தது. போன மாதமோ, அதற்கு முந்திய மாதமோ வைத்தது. வைத்த அளவு அப்படியே இருந்தது.

பொட்டு விழுங்கியிருந்தது. ஒரு பருக்கைகூட அதற்குக் கிடைக்கவில்லை.

ஒரு சொட்டுச் சிந்தவில்லை.



பக்கத்தில் சாக்கு அசைந்தது.

சாமியம்மா உட்கார்ந்திருந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சாமியம்மா! நீங்க எதுக்கு? கட்டினது நானு!"

சாமியம்மா வரிசையில் அடுத்திருந்த கட்டுக்கு முன்னால் குனிந்தார்.

"மெச்சினது யாரு, அண்ணாச்சி?"