மூன்று பாகம் கயிறு

கேள்வி கேட்டவருக்கு வயது அறுபத்து நான்கு. கேட்கப்பட்டவருக்கு நாற்பத்திரண்டு. கேட்டவர் ஒரு ஞானியை அழைப்பதுபோல் "பாவா" என்பார், மற்றவர் வயதை மதித்து "அண்ணே" என்பார். இதில் யார் குரு, யார் சீடன் என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தப்பாகத்தான் தெரியும்.

சிக்கந்தர் பாவா தொண்டிப் பக்கம் ஒரு சின்னத் துறையில் கயிறும் தூண்டில் முள்ளும் விற்கிறவர். கயிறு வாங்க வருகிறவர்களில் சிலர் கூடவே ஒரு கேள்வியும் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் கயிறு மட்டும்தான் கிடைக்கும். கேள்வி அவர்களோடே திரும்பிப் போகும்.

கேள்வி கேட்ட மருதையன் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்தவர். மனைவி தமயந்தி கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றதும் இருவரும் திருச்சி வீட்டை விற்றுவிட்டு ஒரு பாய்மரப் படகு வாங்கினார்கள். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். நான்கு வருடமாகக் கோடியக்கரைக்கும் பாம்பனுக்கும் நடுவில், கரையை ஒட்டியே போவதும் வருவதுமாக இருக்கிறார்கள்.

காலையில் ரேடியோவில் காற்று நிலவரம் கேட்பார்கள். பிறகு மருதையன் பாயை ஏற்றுவார், தமயந்தி சுக்கானைப் பிடிப்பார். குளிக்க ஆளுக்கு அரை வாளித் தண்ணீர். ஓர் அடுப்பு, ஒரு குக்கர். துவைத்த துணி பாய்க் கயிற்றில் காயும். காற்று பலமாக அடித்தால் ஏதாவது ஒரு துண்டு கடலோடு போய்விடும். எப்போதும் மருதையன் துண்டுதான் போகிறது என்பதைத் தமயந்தி கவனித்து வைத்திருந்தார்.

மருதையனுக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். கரண்டிக்கு ஓர் ஆணி, வடிகட்டிக்கு ஓர் ஆணி. படகும் நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும். அதனால் நங்கூரம் போட்டதும் கயிற்றை இழுத்துக் கட்டிவிடுவார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். இரண்டு பாகம் ஆழத்துக்கு மூன்று பாகம் கயிறு விடுவார், அதற்கு மேல் ஒரு முழம்கூட விடமாட்டார். பக்கத்து மீன்படகுகள் நீளக் கயிற்றில் காற்றுக்குத் தக்கபடி இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருக்கும். அதைக் காட்டி, நம்முடையது அசைகிறதா பார் என்று தமயந்தியிடம் பெருமைப்பட்டுக்கொள்வார்.

காற்று ஏறினால் நங்கூரம் பெயர்ந்துவிடும். அதற்கு நங்கூரத்தைத் திட்டுவார். போன வருடம் கனமான ஒன்று வாங்கினார். அதுவும் பெயர்ந்தது. இந்த வருடம் அதைவிடக் கனமானது. பழைய இரண்டும் படுக்கைக்கு அடியில், தமயந்தியின் பயணப் பைக்கு மேல் கிடந்தன. ஒருமுறை தமயந்தி நோட்டில் ஒரு முக்கோணம் வரைந்து காட்டினார். கயிறு செங்குத்தாக நின்றால் படகு நங்கூரத்தை மேலே தூக்கிவிடும், சாய்வாகக் கிடந்தால்தான் அது மண்ணில் ஊன்றும் என்றார். அவ்வளவு கயிறு விட்டால் படகு கண்டபடி அலையும் என்று மருதையன் நோட்டை மூடிவிட்டார்.

இந்த வைகாசியில் தமயந்தியின் பழைய பள்ளியிலிருந்து போன் வந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போகிறார், ஆறு மாதம் வந்து பாடம் நடத்த முடியுமா என்று கேட்டார்கள். கேட்டதிலிருந்து தமயந்தியின் முகமே வேறாக இருந்தது. சாம்பாருக்குத் தாளிக்கும்போதுகூடப் பாட்டு முணுமுணுத்தார்.

மருதையன் கூடாது என்று சொல்லவில்லை. சுக்கானை யார் பிடிப்பது என்று கேட்டார். மழைக்காலம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். பிறகு ரேடியோவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் போறேன்னு சொல்லலைங்க. போயிட்டு வரேன்னுதான் சொல்றேன்" என்றார் தமயந்தி.

அதன்பின் எட்டு நாள் "சாப்பாடு ஆச்சு" என்பதைத் தவிர அந்தப் படகில் பேச்சில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலத்துக்குள் பள்ளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அன்று காலையில்தான் மருதையன் பாவாவின் கடைக்கு வந்தார்.

பாவா கயிற்றுச் சுருள்களை வெயிலில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மருதையன் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அங்கே ஃபேன், குழாயைத் திறந்தால் தண்ணீர், ஆடாத தரை, வகுப்பு நிறையப் பிள்ளைகள். இத்தனையையும் பார்த்தபின் அரை வாளித் தண்ணீருக்கு யார் திரும்பி வருவார்கள்?

"விட்டுட்டா வருவாளா பாவா? எனக்குப் பயமா இருக்கு."

பாவா சுருளைக் கீழே வைத்தார். "அண்ணே, நாலு வருசமா வாரீங்க. ஒரு நாளாச்சும் உங்க படகுல சாப்பிடக் கூப்பிட்டீங்களா?"

மருதையனுக்கு வெட்கமாகிவிட்டது. உடனே கூப்பிட்டார். பாவாவும் கடையைச் சாத்திவிட்டு உடனே கிளம்பினார்.

தமயந்தி பாறை மீன் குழம்பு வைத்திருந்தார். விருந்தாளி வந்ததில் அவருக்குச் சந்தோஷம். எட்டு நாள் பேசாததை எல்லாம் சேர்த்துப் பாவாவிடம் பேசினார். பாவா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மருதையன் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, சாயங்காலமோ வந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்குத் தெற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பியது. முதலில் கரண்டிகள் ஆணியில் தட்டிக்கொண்டன. பிறகு படகு ஒரு குலுக்குக் குலுக்கியது.

"போகுதுங்க" என்றார் தமயந்தி.

நங்கூரம் பெயர்ந்துவிட்டது. பின்னால் துறையின் கல் சுவர், நாற்பது பாகம்கூட இருக்காது. மருதையன் முன்முனைக்கு ஓடினார். மண்ணப்பிய நங்கூரத்தை மூச்சு வாங்க மேலே இழுத்து மறுபடி எறிந்தார். மூன்று பாகம் விட்டுக் கட்டினார். படகு ஒரு நிமிடம் நின்றது, பிறகு அதையும் இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தது. படுக்கைக்கு அடியில் கிடக்கும் நங்கூரத்தையும் எடுத்துவரும்படி கத்தினார்.

தமயந்தி போகவில்லை. சுக்கானைப் பிடித்தபடி சுவரையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "சுவருக்கு இன்னும் முப்பது பாகம் இருக்கு" என்றார்.

பாவா கையைக் கழுவிவிட்டு நிதானமாக முன்முனைக்கு வந்தார்.

"மிச்சக் கயிறு எவ்வளவுண்ணே இருக்கு?"

"இருபது பாகம். நீங்க கொடுத்ததுதான். சுருட்டி வச்சிருக்கேன்."

"நாலு வருசமாவா?"

பாவா குனிந்து முடிச்சை அவிழ்த்தார். கயிறு அவர் உள்ளங்கைகளுக்கு நடுவில் ஓடத் தொடங்கியது. ஐந்து பாகம். எட்டு. படகு விறுவிறுவென்று சுவரை நோக்கிப் பின்வாங்கியது. சுவரில் ஒட்டியிருந்த சிப்பிகள்கூடக் கண்ணுக்குத் தெரிந்தன. கட்டுங்கள், கட்டுங்கள் என்று மருதையன் பாவாவின் கையைப் பிடித்தார். கயிற்றைப் பிடித்திருந்த கை அசையவில்லை. பத்து. பன்னிரண்டு. மருதையன் கண்ணை மூடிக்கொண்டார்.

பதினைந்தாவது பாகத்தில் பாவா ஒரு முடிச்சுப் போட்டார்.

கயிறு தண்ணீரிலிருந்து நீளமாக எழுந்து, சொட்டிக்கொண்டே விறைத்தது. படகின் முகம் மெல்லக் காற்றுப் பக்கம் திரும்பியது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் சுவருக்கு இன்னும் நல்ல இடைவெளி இருந்தது. காற்று குறையவில்லை. ஒரு மீன்படகுக்காரர் இவர்களைப் பார்த்துவிட்டு வலைக்குத் திரும்பினார்.

மருதையன் கண்ணைத் திறந்தபோது தமயந்தி இன்னும் சுக்கானில்தான் இருந்தார். முக்கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே மருதையனுக்குத் தாங்கவில்லை.

எழுந்து உள்ளே போனார். இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு நங்கூரம், பிறகு இன்னொன்று. வெளியே வந்தபோது கையில் தமயந்தியின் பயணப் பை இருந்தது. மேலே துரு படிந்திருந்தது. தன் துண்டால் துடைத்தார். முழுதாகப் போகவில்லை. தமயந்தியின் பக்கத்தில் வைத்தார்.

தமயந்தி பையைப் பார்த்தார். மருதையனைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு படகின் பின்பக்கம் போனார். டீச்சர் குரலில் பேசத் தொடங்கினார்.

மருதையன் பாவாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். படகு நீளக் கயிற்றில் மெதுவாக இடப்பக்கம் போனது. கொஞ்சம் நின்று வலப்பக்கம் போனது. மறுபடியும் இடப்பக்கம். அவர் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பாவா, இந்த ஆட்டம் ஆடுது?"

பாவா உள்ளங்கைச் சேற்றை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஆடட்டும்ணே. எங்கேயும் போகலையே."