வெளிப்படை என்று எழுதிய வரி

"என் அடுத்த தப்பு எங்க இருக்கு? உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க."

வாசலில் நின்றபடியே கேட்டார் அறவாழி. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கதவைத் திறந்த ஜுலைகா அவரை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெயரைச் சொன்னதும் ஜுலைகாவின் முகம் வெளுத்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரே ஒரு மெயிலில் அறவாழியின் வாழ்க்கையைக் கவிழ்த்தவர் இவர்தான்.

அறவாழி அப்போது பெரிய கணித ஆராய்ச்சியாளர். அவர் நிரூபித்த ஒரு தேற்றத்துக்காக வெளிநாடுகளிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். அந்த நிரூபணத்தின் நடுவில் ஒரு வரி. 'இது வெளிப்படை' என்று எழுதிவிட்டு மேலே போயிருந்தார். கணிதக்காரர்களுக்கு இது ஒரு பழக்கம். விளக்க அலுப்பாக இருக்கும் இடத்தில் இப்படி எழுதித் தாண்டிவிடுவார்கள்.

ஜுலைகா திருச்சியில் கல்லூரி ஆசிரியை. அறவாழியைவிடப் பத்து வயது இளையவர். அந்த வரியில் நின்றுவிட்டார். அது வெளிப்படை இல்லை. உண்மையே இல்லை. தேற்றம் விழுந்தது.

அறவாழியை யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே வேலையை விட்டார். ஒரு சின்ன ஊரில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர் ஆனார். பத்தாம் வகுப்புக் கணக்கில் யாரும் ஓட்டை கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நம்பிப் போனார், பாவம்.

பயம் அவருக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போய் வகுப்பில் உட்கார்ந்திருந்தது.

கணக்கு வாத்தியாருக்குப் பயந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் உண்டு. கணக்குக்கே பயந்த வாத்தியார் இவர் ஒருவர்தான்.

"வகுப்புக்குப் போனா நிம்மதியே இல்ல மேடம். ஒரு வரி எழுதினா திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறேன். பலகையை விட்டுத் திரும்ப முடியல. பாதிப் பாடம்கூட முடியல. மார்ச்சுல பொதுத்தேர்வு. பிள்ளைங்க ஃபெயிலானா அது என்னாலதான். இதையும் விட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

"பிள்ளைங்க என்ன சொல்றாங்க?"

"புரிஞ்சுது சார்னு சொல்றாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஒரே குரல்ல."

ஜுலைகா கதவை அகலத் திறந்தார். பிறகு அவரை உள்ளே கூட்டிப் போனார். அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது. மார்க்கரை எடுத்து நீட்டினார்.

"அந்த நிரூபணத்தை எழுதுங்க."

"வேண்டாம் மேடம். நான் அதைத் தொட்டே வருஷக்கணக்காச்சு."

"எழுதுங்க சார்."

எழுதினார். ஆரம்பத்தில் எழுத்து கோணியது. போகப்போக நேரானது. அந்த வரி வந்ததும் கை நின்றது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

பிறகு அதை அப்படியே, தப்பாகவே எழுதினார். 'இது வெளிப்படை' என்பதையும் விடாமல் எழுதினார். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார்.

ஜுலைகா தலையாட்டினார். "சரி. மேல எழுதுங்க."

"என்ன சரி? இது தப்பு!"

"அப்படியா?"

"தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"மெயில்ல சொன்னேன் சார்."

"அதுக்கென்ன?"

"மெயில்ல உங்க முகம் இல்ல."

அறவாழி அப்போதுதான் கவனித்தார். எழுத ஆரம்பிக்கும்போது பக்கத்தில் நின்றிருந்த ஜுலைகா, இப்போது எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"உங்ககிட்ட ஆராய்ச்சி மாணவங்க இருந்தாங்கல்ல? அவங்க இந்த வரியைப் படிச்சாங்களா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"வரி வரியாப் படிச்சாங்க. எல்லாரும் கெட்டிக்காரங்க..."

சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். ஒரு நாள் மரியசெல்வம் என்ற மாணவன் தாளும் கையுமாக வந்து நின்றது ஞாபகம் வந்தது. "சார், இந்த வரி..." என்றான். அறவாழி நிமிர்ந்து பார்த்தார். வேறு எதுவும் செய்யவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அறவாழி மார்க்கரை மூடி வைத்தார்.

"டீ போடட்டுமா?" என்றார் ஜுலைகா.

அறவாழி செருப்போடு உள்ளே வந்திருந்தார். அதே செருப்போடு வெளியே போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. பத்தாம் வகுப்பு. ஒரு இருபடிச் சமன்பாட்டை எடுத்து நான்கு வரி எழுதினார். வழக்கம்போல் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே சரிபார்த்தார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!"

வழக்கமாக அடுத்த வரிக்குப் போய்விடுவார். அன்றைக்குத் திரும்பிப் பார்த்தார்.

எல்லாத் தலையும் குனிந்திருந்தது. எல்லாக் கையும் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு முகம்கூட அவரைப் பார்க்கவில்லை. தப்பைச் சொல்ல இங்கேயும் ஒருவர் இல்லை. இத்தனை நாள் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று தோன்றியது.

சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். நடந்துபோய்க் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்தவர்கள் பதறி எழுந்து நின்றார்கள்.

"உட்காருங்க" என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

எழுந்தவர்கள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்கள்.

"நான் எழுதினது சரியா தப்பான்னு எனக்கே தெரியல. யாராவது பார்த்துச் சொல்லுங்க."

ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடியது. ஒருவரும் அசையவில்லை. அறவாழி கண்ணை மூடிக்கொண்டார். இந்தப் பள்ளியையும் விட்டுப் போய்விட வேண்டியதுதான் என்று நினைத்தார்.

முன் பெஞ்சில் யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். தாமரைச்செல்வி நின்றிருந்தாள். பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மூணாவது வரியில மைனஸ் விட்டுட்டீங்க சார்."

அறவாழி பலகையைப் பார்த்தார். விட்டிருந்தார்.

"நான் எழுதும்போதே பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் மெதுவாக வந்தது.

"வெள்ளிக்கிழமையும் விட்டீங்க சார்."