இணைப்பு தெரியாத கைப்பிடி

“மூடியிருக்கா, மூடலையான்னே தெரியலங்க. அவ்வளவு அழகா இருக்கு.”

விற்பனையாளர் கூட்டத்துக்குக் கணவனோடு வந்திருந்த ஒரு பெண், மேசைமேல் வைத்திருந்த புது குக்கரைத் தடவிப் பார்த்துச் சொன்னாள். கணவன் பஜ்ஜியில் மும்முரமாக இருந்தான். அவன் காதில் விழவில்லை.

பின்னால் நின்ற சந்தனராஜின் காதில் விழுந்தது.

அந்தக் குக்கரை வடிவமைத்தவன் அவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் தன்னிடமிருந்த மாதிரிக் குக்கரை எடுத்து மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். உள்ளே ரப்பர் வளையம் புதிது, விறைப்பாக இருந்தது. ஒரு தடவை திருகியபோது மூடி முழுதாகத் திரும்பாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. மூடியின் பற்கள் பாத்திரத்தின் விளிம்பில் நுனியால் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தன.

வெளியிலிருந்து பார்த்தால் அது சரியாக மூடிய குக்கர்.

மற்ற குக்கர்களில் மேல் கைப்பிடி கீழ்க் கைப்பிடிமேல் சரியாக உட்காராவிட்டால் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஓடும் கோடு அசிங்கம் என்று நினைத்தவன் சந்தனராஜ். மேல் கைப்பிடியை அகலமாக்கி, கீழே இருப்பதைத் தொப்பி போலப் போர்த்திவிட்டான். எல்லோரும் பாராட்டினார்கள்.

அரைகுறையாக மூடியதை அடுப்பில் வைத்தால் மூடி தெறித்துவிடும்.

கைப்பிடியை வார்க்கும் அச்சு வெட்டி முடித்தாகிவிட்டது. திங்கட்கிழமை உற்பத்தி. கார் உதிரிபாகக் கம்பெனி வேலையை நாற்பது வயதுக்குமேல் உதறிவிட்டு வந்தவன் அவன். அவன் வரைந்து கடைக்குப் போகும் முதல் பொருள் இது. இப்போது வாயைத் திறந்தால் இன்னொரு பொருளை யாரும் அவனை நம்பிக் கொடுக்கப்போவதில்லை.

திறக்காவிட்டால்?

அதற்குமேல் நினைக்கப் பயந்தான். காலையில் குக்கரைப் பையில் போட்டுக்கொண்டு தமயந்தியின் வீட்டுக்குப் போனான்.

தமயந்தி அவனைவிட இளையவர். ஆனாலும் அவனுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அந்த ஊரில் பாதி வீடுகளில் இருக்கும் வாளியும் வடிகட்டியும் கரண்டியும் அவர் வரைந்தவை. அந்த வீட்டுக்காரர்கள் ஒருவருக்கும் அது தெரியாது.

சமையலறையில் இருந்தார்.

“மேடம், ஒரு பொருளைப் பயமில்லாம வெளியே அனுப்பறது எப்படி?”

“எதுக்குப் பயம்?”

“சும்மா. பொதுவா.”

“பொதுவா பயப்பட எனக்குத் தெரியாதுங்க. எனக்குப் பல்லியைக் கண்டாதான் பயம்.”

சந்தனராஜ் சிரிக்க முயன்றான்.

“பையில என்ன?”

காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் கொண்டுவந்திருந்தான். நாக்கு வேறொன்றைச் சொன்னது.

“குக்கர் மேடம். உங்களுக்குன்னு ஒண்ணு.”

“அட. குருதட்சணையா? எலுமிச்சம்பழம் போதுமே.”

அவர் குக்கரை வாங்கிக் கைப்பிடியின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். ஒரு முறை. மெதுவாக இன்னொரு முறை.

“இணைப்பே தெரியல.”

“அதைத்தான் மேடம் எல்லாரும் பாராட்டுறாங்க.”

“ம்.”

பருப்பைக் கழுவிப் போட்டார். தண்ணீர் ஊற்றினார். அவனுக்கு முதுகைக் காட்டி நின்றபடி மூடியைத் திருகினார். எவ்வளவு தூரம் திருகினார் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

அடுப்பைப் பற்றவைத்தார். ஆவி வந்ததும் வெயிட்டைப் போட்டார்.

பிறகு ஒரு முக்காலியை இழுத்து மேடையை ஒட்டிப் போட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கத் தொடங்கினார். குக்கரின் கைப்பிடி அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

“டீலருங்க என்ன சொன்னாங்க?”

“பிடிச்சிருக்குன்னாங்க.”

“சாப்பாடு நல்லா போட்டிருப்பீங்க.”

“மேடம், இந்தப் பக்கம் வந்து உட்காருங்களேன்.”

“ஏன்?”

“அங்க சூடா இருக்கும்.”

“அடுப்புகிட்ட சூடாத்தான் இருக்கும்.”

வெயிட் லேசாக ஆடியது. உஸ்ஸென்று ஒரு சத்தம். சத்தம் வெயிட்டிலிருந்து வருகிறதா, மூடியின் ஓரத்திலிருந்து வருகிறதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

“மேடம். முழுசா மூடினீங்களா?”

தமயந்தி தலையைத் தூக்கவில்லை.

“பார்த்துச் சொல்லுங்க.”

அவன் பார்த்தான். வலது பக்கம் நகர்ந்து பார்த்தான். குனிந்து பார்த்தான். வழவழப்பான கறுப்புக் கைப்பிடி எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி இருந்தது. அதன் ஒவ்வொரு வளைவையும் அவன் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்திருந்தான்.

“என்ன? மூடியிருக்கா?”

அவன் மறுபடி குனிந்து பார்த்தான்.

“நீங்க வரைஞ்சதுதானே?”

“ஆமா மேடம்.”

“அப்புறம் என்ன. நீங்களே சும்மா நிக்கும்போது நான் ஏன் பயப்படணும்?”

அவர் பீன்ஸின் நாரை உரித்துக் கீழே போட்டார். உஸ்ஸென்ற சத்தம் தடித்தது. வெயிட் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. தமயந்தியின் காதோரத்து முடி ஈரக்காற்றில் அசைந்தது. குக்கர் கம்பெனி முதலாளியின் முகம் அவன் நினைவுக்கு வந்தது. வெட்டி முடித்த அச்சு வந்தது. விட்டுவிட்டு வந்த வேலை வந்தது.

“நீங்க டீ குடிக்கிறீங்களா?” என்று தமயந்தி கேட்டார். “பக்கத்து அடுப்புல போட்டுடறேன்.”

அவர் எழுந்து குக்கரின் பக்கம் திரும்பினார்.

சந்தனராஜ் ஓடிப்போய் அவருக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றான். குக்கருக்கு முதுகைக் காட்டியபடியே கையைப் பின்னால் நீட்டிக் குமிழைத் தேடித் திருப்பி அடுப்பை அணைத்தான். அங்கிருந்து நகரவில்லை. பின்னால் ஆவி இன்னும் சீறிக்கொண்டிருந்தது. மறு கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து முதலாளியின் எண்ணை அழுத்தினான்.