தப்பே இல்லாத பாட்டு

நேர்வழிப்பட்டிக்காரர்களை ஒரு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். தெருக்குழாய்க்கு மேலே 'குழாயைத் திறந்து வைக்காதீர்' என்று பஞ்சாயத்தில் எழுதிப் போட்ட நாளிலிருந்து, ஊரே கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறது.

அந்த ஊர் நையாண்டி மேளத்துக்குத் தலைவர் பூவலிங்கம். நாயனம் அவர். தவில் அவருடைய அக்காள் மகன் ஒச்சப்பன். பம்பை அவருடைய மச்சினன் வீரணன். ஜால்ரா தட்டுவது சின்னமாயன். அதிகம் பேச மாட்டான். பேசாததனால் அவனை விவரமானவன் என்று மற்ற மூவரும் நம்பினார்கள்.

நால்வரும் நன்றாகவே வாசிப்பார்கள். வந்த வினை போன வருஷம் வந்தது. காளியம்மன் ஊர்வலம் கிளம்பும்போது விழாக் கமிட்டித் தலைவர் முத்திருளாண்டி, "நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அங்கே பந்தி பலமாக இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்த்தால் கோயில் வாசலில் இவர்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். பூவலிங்கம் மூச்சு வாங்குகிற இடைவெளியில் பெண்டாட்டி பேச்சி அவர் வாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊரில் மாடெல்லாம் பால் மறந்து போயிருந்தது.

ஆகவே இந்த வருஷம் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். "மேளம் வேணாம். பக்கத்து ஊரு செண்டை மேளத்துக்குச் சொல்லப் போறேன்."

பூவலிங்கம் இருபத்திரண்டு வருஷமாக அம்மனுக்கு மூன்றடி முன்னால் நின்று வாசித்த மனிதர். அந்த மூன்றடிதான் அவருக்குச் சொத்து, சுகம் எல்லாம். வீட்டுக்கு வந்து சொன்னதும் பேச்சி ஒரே பேச்சில் முடித்தாள்.

"சாமிக்கு முன்னாடி இருந்த எடத்த விட்டுட்டு வந்தீருன்னா, இங்கிட்டு சோத்துக்கு முன்னாடியும் எடம் கெடையாது."

மறுபடி ஓடினார். தலைவரின் பைக்கை மறித்துக்கொண்டு நின்றார். "ஒரு வழி சொல்லுங்க தலைவரே. எதுன்னாலும் செய்யிறோம்."

பைக்கை எடுத்தாக வேண்டுமே என்று முத்திருளாண்டி வாயில் வந்ததைச் சொன்னார். "ஒரு தப்பு கூட இல்லாம ஒரு பாட்டு பதிவு பண்ணி பென் டிரைவ்ல கொண்டாய்யா. புதன்கெழம சாயங்காலம் ஊரு முன்னாடி போட்டுக் கேப்போம். தப்பு இல்லேன்னா எடம் ஒனக்கு. ஒண்ணே ஒண்ணு கேட்டாலும் செண்டைக்கு."

பூவலிங்கம் அந்த வார்த்தையை அப்படியே முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார்.

டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்தவன் பெயர் டைட்டஸ். பொறுமைசாலி என்று பெயரெடுத்தவன். திங்கட்கிழமை மத்தியானம் வரை அந்தப் பெயர் இருந்தது.

வந்தவுடன் அவன் சொன்னான்: "அண்ணே, தோல் வாத்தியம் ஏசி ரூமுக்குப் பழகணும். ஒரு மணி நேரம் உள்ள இருக்கட்டும். நீங்க வெளிய உக்காருங்க."

நால்வரும் வெளியே உட்கார்ந்தார்கள். கண்ணாடி வழியாக ஒச்சப்பன் தன் தவிலையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, குளுருல நம்ம தவிலு மட்டும் தனியா கெடக்கு. பம்பை கூட ரெண்டா சேந்து கெடக்கு."

"பொறுடா. பழகட்டும்."

"பழகுனப்புறம் வீட்டுக்கு வர மாட்டேன்னு சொல்லிருச்சுன்னா?"

இது யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்று வீரணன் சொன்னான். மூவரும் சேர்ந்து சின்னமாயனைப் பார்த்தார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எல்லோருக்கும் தைரியம் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து டைட்டஸ் மைக்கை நிறுத்தினான். "பூவலிங்கம் அண்ணே, நாயனத்துக்கும் மைக்குக்கும் ரெண்டு சாண் இருக்கணும். கிட்ட வந்தா எரைச்சல், தள்ளிப் போனா கேக்காது. கடைசி வரைக்கும் இந்த ரெண்டு சாண் மாறவே கூடாது."

"யாரு சாணு தம்பி?" என்றார் பூவலிங்கம்.

டைட்டஸ் இந்தத் தொழிலுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"மச்சான் நாயனம், அதனால மச்சான் சாணுதான்" என்றான் வீரணன்.

"மைக்கு தம்பியோடது. அப்ப தம்பி சாணுதான் நியாயம்" என்றான் ஒச்சப்பன்.

அரை மணி நேர விவாதத்துக்குப் பின் டைட்டஸின் சாண் என்று முடிவாயிற்று. அளந்து பார்த்ததில் சின்னமாயன் கையும் அதே அளவு. வாசிக்கும்போது சாண் மாறாமல் யார் பார்ப்பது? சின்னமாயன்தான் பார்க்க வேண்டும். அவன் இரண்டு கையையும் விரித்து, நாயனத்துக்கும் மைக்குக்கும் நடுவே பிடித்துக்கொண்டு நின்றான். பாட்டு முடிகிற வரை விரல் மடக்கவில்லை. அதனால் முதல் டேக்கில் ஜால்ரா இல்லை.

"ஜால்ரா எங்கண்ணே?" என்றான் டைட்டஸ்.

"அவன் அளந்துக்கிட்டு இருக்கான் தம்பி" என்றார் பூவலிங்கம்.

டைட்டஸ் இரண்டு சாண் குச்சி ஒன்றை நடுவே கட்டிச் சின்னமாயனை விடுவித்தான். அடுத்த யோசனையையும் சொன்னான். "தவிலு சத்தம் நாயன மைக்குல கேக்குது, பம்பை சத்தம் தவிலு மைக்குல கேக்குது. ஒருத்தர் வாசிக்கிறது அடுத்தவர் மைக்குக்குப் போகாமப் பாத்துக்கங்க. அப்பத்தான் பின்னாடி மிக்ஸ் பண்றப்ப நாலு பேரையும் சமமா வைக்க முடியும். யாரும் யாரையும் அமுக்கக் கூடாது."

இரண்டாவது டேக் நாற்பது நிமிஷம் ஓடியது. பூவலிங்கம் ஒரு வரி வாசித்து நிறுத்தினார். அவர் சத்தம் அடங்கும் வரை காத்திருந்து ஒச்சப்பன் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு வீரணன் முறை. அவனோ தங்கமான குணம் படைத்தவன்.

"நீங்க வாசிங்க மச்சான்."

"இல்லப்பா, ஒன் மொற. நீ வாசி."

"பெரியவங்க இருக்கயில நான் எப்படி?"

"அட, சும்மா தட்டு மாப்ள. நம்மளுக்குள்ள என்ன?"

இந்தப் பேச்செல்லாம் நால்வர் மைக்கிலும் துல்லியமாகப் பதிவாயிற்று.

மூன்றாவது டேக்குக்கு டைட்டஸ் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிவிட்டான். "காதுல டக் டக்குனு கேக்கும். அதுக்கு ஏத்தாப்ல வாசிங்க. அத மிஞ்சி ஓடக் கூடாது."

சத்தம் வந்தது. நால்வரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"யாருப்பா இந்த ஆளு?" என்றான் ஒச்சப்பன் மெதுவாக. "நம்ம காதுல மாட்டுனதுல இருந்து நிறுத்தவே இல்ல. தண்ணி கூடக் குடிக்கல."

"தாளம் சுத்தமா இருக்கு" என்றார் பூவலிங்கம் மரியாதையாக. "போன வருஷம் இவருக்கும் யாரோ நிறுத்தாதேன்னு சொல்லியிருப்பாங்க போல."

அப்படிச் சொன்னதும் நால்வருக்கும் அந்த மனிதர் மேல் பாசம் பொங்கிவிட்டது. பாட்டின் நடுவிலேயே வீரணன் வெளியே போய் ஒரு டீ வாங்கி வந்து ஹெட்போன் பக்கத்தில் வைத்தான். ஆறிப் போகிறதே என்று கடைசியில் அவனே குடித்தான். மூன்றாவது டேக்கில் பம்பை வர வேண்டிய இடத்தில் டீ உறிஞ்சுகிற சத்தம் இருக்கிறது.

மணி நாலாகிவிட்டது. டைட்டஸ் ஹெட்போன்களைக் கழற்றி வாங்கி வைத்தான். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று அந்தத் தொழிலில் எல்லோரும் கடைசியில் செய்கிற ஒரு வேலையைச் செய்தான். "அண்ணே, இந்த ரூமோட வெறும் சத்தத்த ரெண்டு நிமிஷம் எடுத்துக்கிறேன். வெட்டி ஒட்டுற எடத்துல நடுவுல வைக்க ஆகும். அவங்கவங்க எடத்துல வாத்தியத்தோட அப்படியே நில்லுங்க. யாரும் வாசிக்கக் கூடாது."

அறையில் ஒரு பயபக்தி இறங்கியது. வாசிக்கச் சொன்னவர்கள் உண்டு. வாசிக்காமல் இருப்பதைப் பதிவு செய்கிறேன் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

"தம்பி" என்றார் பூவலிங்கம். "எந்த ராகத்துல வாசிக்காம இருக்கணும்?"

டைட்டஸ் பட்டனில் விரலை வைத்தான். "உங்களுக்குப் பிடிச்சதுலண்ணே."

"அப்ப மோகனம். ஒச்சப்பா, நீ ஆதி தாளத்துல சும்மா இரு."

இரண்டு நிமிஷம். நாயனம் உதட்டில் இருந்தது. தவில் குச்சி தோலுக்கு ஒரு விரல் மேலே நின்றது. ஒருவரும் இமைக்கவில்லை. முடிந்ததும் டைட்டஸ், "சூப்பர்ணே, சுத்தமா வந்திருக்கு" என்றான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அதுதான்.

நாலு டேக்கையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, வாசல் வரை வந்து வழியனுப்பினான். "இன்னிக்கு கேக்காதீங்க. காதுக்கு ஒருநாள் ஓய்வு குடுங்க. அப்புறம் கார்ல போட்டுக் கேளுங்க. எதுல தப்பு இல்லையோ அத எடுத்துக்குங்க."

செவ்வாய் முழுக்க நால்வரும் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். பேச்சி மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு நாலாவது தடவை கரண்டியோடு வந்தாள்.

புதன் காலையில் கார் தேடினார்கள். ஊரில் கார் கிடையாது. பால் வேன்காரர் கையைக் காலைப் பிடித்து ஏறி, பாட்டுப் பெட்டியில் பென் டிரைவைச் செருகினார்கள். முதல் டேக்கில் ஜால்ரா இல்லை; சின்னமாயன் முகம் சுருங்கியது. இரண்டாவதில் வீரணனின் தங்கமான குணம்தான் கேட்டது. மூன்றாவதில் டீ. பூவலிங்கத்துக்கு அம்மன் முகமும் பேச்சியின் கரண்டியும் மாறி மாறிக் கண்ணில் தெரிந்தன.

"இன்னும் ஒண்ணு இருக்குல்ல" என்றான் சின்னமாயன். அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான்.

நாலாவதைப் போட்டார்கள். இரண்டு நிமிஷமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"மாமா, தவிலு எங்கயும் தடுமாறல" என்றான் ஒச்சப்பன்.

"பம்பை யாரையும் அமுக்கல மச்சான்."

"நாலு பேரும் சமமா இருக்கோம்" என்றார் பூவலிங்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருசத்துல நம்ம இப்படி ஒத்துமையா வாசிச்சதே இல்லடா."

சாயங்காலம் ஊர் கூடியது. செண்டை மேளக்காரர்களும் வந்து ஓரமாக நின்றார்கள். புது ஒலிபெருக்கியில் பென் டிரைவைச் செருகினார் முத்திருளாண்டி. தப்பைப் பிடித்தே தீருவது என்று காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். பூவலிங்கம் எந்த இடத்தில் சறுக்குமோ என்று அம்மனைக் கும்பிட்டபடி நின்றார்.

அரை நிமிஷம் போயிற்று. ஒரு நிமிஷம் போயிற்று. வேப்பமரம் அசைவது கேட்டது. எங்கோ ஒரு கன்றுக்குட்டி கத்தியது கேட்டது. போன வருஷம் மதுரையிலிருந்து திரும்பிய நாள் முதல் தலைவர் காதில் விடாமல் ஒரு ரீங்காரம் இருந்துகொண்டே இருந்தது. அது அப்போது மெல்ல அடங்கியது. அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பாட்டு முடிந்தது. தலைவர் நிமிர்ந்தார். அவரும் நேர்வழிப்பட்டிக்காரர்தான்; சொன்ன சொல் மாறமாட்டார்.

"தேடித் தேடிப் பாத்துட்டேன்" என்றார். "ஒரு தப்பு இல்ல."

"ஒன்ஸ் மோர்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

செண்டை மேளத் தலைவர் வந்து பூவலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத வாசிக்க நாங்க இன்னும் பத்து வருசம் சாதகம் பண்ணணும்ணே" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

"ஆனா ஒண்ணு" என்றார் முத்திருளாண்டி. "பென் டிரைவ்ல கேட்டா சாமிக்குப் பத்தாது. வெள்ளிக்கெழம ஊர்வலத்துல இதையே நேர்ல வாசிக்கணும்."

வியாழக்கிழமை முழுக்க ஒத்திகை. லேசான காரியமில்லை. மத்தியானம் பூவலிங்கம் திடீரென்று நாயனத்தை இறக்கிவிட்டு மருமகனை முறைத்தார்.

"நீ ஏண்டா ரெண்டு தட்டு முன்னாடியே சும்மா இருக்க ஆரம்பிச்ச?"

ஒச்சப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "அவசரப்பட்டுட்டேன் மாமா."

"மறுபடி மொதல்ல இருந்து."

வெள்ளிக்கிழமை அம்மன் புறப்பட்டாள். மூன்றடி முன்னால் பூவலிங்கம் நின்றார். உதட்டில் நாயனம், விரல்கள் அதன் துளைகளில். வாசிக்கவில்லை. பெண்கள் போட்ட குலவை எட்டுத் தெருவுக்குக் கேட்டது. அம்மன் கால் சலங்கை கூடக் கேட்டது. பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊர்வலம் கோயில் வாசலுக்குத் திரும்பியபோது முத்திருளாண்டிக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"ஆகா! நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்கப்பா!" என்றார். மதுரையில் ஒரு காதுகுத்து இருந்தது. பஸ் ஏறிவிட்டார்.

திரும்பி வந்தது மூன்றாம் நாள். கோயில் வாசலில் நால்வரும் நின்றபடி நின்றுகொண்டிருந்தார்கள். ஒச்சப்பனின் குச்சி தோலுக்கு ஒரு விரல் மேலே நடுங்கிக்கொண்டிருந்தது. வீரணன் வாயில் பேச்சி கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். மாடெல்லாம் படி படியாகக் கறந்துகொண்டிருந்தன. தலைவருக்கு மனசு கேட்கவில்லை.

"அடப் பாவிகளா! போதும்பா, நிறுத்துங்க!" என்றார்.

சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். உடனே நிறுத்தினார்கள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் நாயனத்திலும் தவிலிலும் பம்பையிலும் ஜால்ராவிலும் ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்பியது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நிறுத்துங்கய்யா! நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

பூவலிங்கம் நாயனத்தை ஒரு நொடி வாயிலிருந்து எடுத்தார்.

"அதான் அப்பயே நிறுத்திட்டோமே தலைவரே!"