கோமளவல்லியின் மெத்தையும் மேல்வீட்டுத் தண்ணீரும்

கும்பகோணத்தில் மதிநிறை இல்லம் என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் அங்கே குடியிருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். மற்றபடி அங்கே இருப்பவர்கள் தங்கமான மனிதர்கள். யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதை இம்மி பிசகாமல் செய்து முடிப்பார்கள். வினையே அதுதான்.

அங்கே கீழ்வீட்டில் இருப்பவர் கோமளவல்லி. கணவருக்கு ஓசூரில் வேலை, மாதம் ஒருமுறை வந்து போவார். கோமளவல்லிக்குத் தீராத முதுகுவலி. அதற்காகவே புதிதாக ஒரு இலவம்பஞ்சு மெத்தை தைத்து வாங்கியிருந்தார். பழைய பஞ்சைக் கலந்துவிடப் போகிறானே என்று கடையிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, கடைசித் தையல் வரை கண்கொட்டாமல் பார்த்து வாங்கிய மெத்தை. அதில் படுத்த பிறகுதான் அந்த அம்மாள் தூக்கம் என்றால் என்னவென்றே கண்டார்.

ஒருநாள் காலையில் மேல்வீட்டுக் குஞ்சிதபாதம் குளித்துக்கொண்டிருந்தபோது, கோமளவல்லியின் படுக்கையறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அறை முழுக்க இடமிருந்தும் அது மெத்தையின் நட்ட நடுவில்தான் விழுந்தது. கோமளவல்லி பதறிப்போய் மாடியேறினார்.

"அண்ணே, உங்க தண்ணி எங்க வீட்டுக்கு வந்திருக்கு."

குஞ்சிதபாதம் ஓய்வுபெற்ற தபால்காரர். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாதவர், தன் பொருளையும் விட்டுக்கொடுக்காதவர். "அப்படியாம்மா? சிரமத்தைப் பாக்காம திருப்பிக் கொடுத்துடேன்" என்றார்.

கோமளவல்லி மெத்தையைப் பிழிந்து, வாளியில் பிடித்து, மேலே கொண்டுபோய்க் கொடுத்தார். அவரும் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக் குளியலறையில் ஊற்றினார். கோமளவல்லி கீழே வருவதற்குள் தண்ணீர் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. மறுபடி பிழிந்து மறுபடி கொடுத்தார். மத்தியானம் வரை இந்த மரியாதை நடந்தது.

சாயங்காலம் வண்டிகள் நிறுத்துமிடத்தில் கூட்டம் கூடியது. செயலாளர் வைத்திலிங்கம் தலைமை. பொருளாளர் அமலதாஸ் பக்கத்தில். கேள்வி ஒன்றே ஒன்று: கோமளவல்லிக்குப் புது மெத்தையை யார் வாங்கிக் கொடுப்பது?

"ஏம்மா, கட்டிலை அந்தப் பக்கமா நகர்த்திப் போட்டா என்ன?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள்.

அமலதாஸ் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "நகர்த்திட்டா மெத்தை நனையாது. நனையலைன்னா நஷ்டம் இல்ல. நஷ்டமே இல்லாதப்ப நஷ்டஈட்டை எப்படிக் கேக்கறது? அந்தம்மா பிழைப்புல மண்ணைப் போடப் பாக்கிறீங்களா?"

கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வைத்திலிங்கத்தின் மச்சினர் மயிலாடுதுறையில் வக்கீல். அவருக்குப் போன் போட்டார்கள். அவர் ஏதோ அவசரத்தில் இருந்தார். "அது மேல்வீட்டுத் தண்ணின்னு நிரூபிச்சுட்டா மேல்வீட்டுக்காரர் கொடுத்துத்தான் ஆகணும், அத்தான். அதுவரைக்கும் தடயத்தைக் கலைக்காதீங்க. எல்லாம் இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து மதிநிறை இல்லத்தில் தடயத்தைக் காப்பாற்றுவதே பெரிய வேலையாகிவிட்டது. வாளி வைக்கக்கூடாது, தண்ணீர் மெத்தைக்கு வராமல் போய்விடும். துடைக்கக்கூடாது. கோமளவல்லி வெறும் தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, முதுகைப் பிடித்தபடி தன் மெத்தை நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் தடயம் நன்றாக இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

இதற்கிடையில் குஞ்சிதபாதம் பழனிக்குக் கிளம்பிப் போனார். ஒழுகல் நின்றது. கோமளவல்லி அலறியடித்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு ஓடினார்.

"சார், மெத்தை காயுது சார்!"

வைத்திலிங்கம் ஆடிப்போய்விட்டார். அப்படியே இருக்கட்டும் என்றல்லவா வக்கீல் சொல்லியிருக்கிறார்! நல்லவேளையாக மேல்வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது. ஆளில்லாத வீட்டில் அடுத்தவர் தண்ணீரைத் தொடக்கூடாது என்று கோமளவல்லி தன் வீட்டுக் குழாயில் குடம் குடமாகப் பிடித்து, இடுப்பில் சுமந்து மாடியேற்ற, வைத்திலிங்கம் அதைக் குளியலறையில் ஊற்றினார். அமலதாஸ் கீழே மெத்தைக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம்! போன வாரம் இதைவிட நல்லா விழுந்துது!" என்று குரல் கொடுத்தார். குஞ்சிதபாதம் மொட்டைத் தலையோடு திரும்பி வரும்வரை ஒரு வேளைகூடத் தவறாமல் இது நடந்தது.

அடுத்த கூட்டத்தில் குஞ்சிதபாதம் எல்லாருக்கும் பஞ்சாமிர்தம் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"நான் ஊர்ல இல்லாதப்பவும் ஒழுகிச்சா?"

"விடாம ஒழுகிச்சு. நாங்க விட்டுடுவோமா?" என்றார் வைத்திலிங்கம் பெருமையாக.

"அது யார் வீட்டுத் தண்ணி?"

"கோமளம்மா வீட்டுத் தண்ணி."

சொன்ன பிறகுதான் வைத்திலிங்கத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. அமலதாஸ் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். கடைசியில் கனத்த குரலில் தீர்ப்புச் சொன்னார்.

"கோமளம்மா தண்ணி கோமளம்மா மெத்தையில விழுந்திருக்கு. சட்டப்படி பாத்தா, கோமளம்மாதான் கோமளம்மாவுக்குப் புது மெத்தை வாங்கிக் கொடுக்கணும்."

"ஐயோ, என்கிட்ட அவ்வளவு பணம் இல்லையே!"

"பயப்படாதீங்க. உங்ககிட்டயே கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பாருங்க."

கோமளவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெத்தையும் போய், முதுகும் போய், கடைசியில் கடன்காரியாகவும் ஆனால் யாருக்குத்தான் தாங்கும்?

அந்த நேரம் பார்த்து, என்றைக்கோ வரச்சொல்லியிருந்த குழாய் ரிப்பேர்க்காரர் சிமெண்டும் கரண்டியுமாக வந்து நின்றார். "ஒழுகுதுன்னீங்களே, எங்க? பூசி அடைச்சுட்டுப் போயிடறேன்" என்றார். கூட்டமே எழுந்துவிட்டது. பட்டப்பகலில் தடயத்தை அழிக்க ஒருவன் சிமெண்டோடு வந்திருக்கிறான்! அவர் கையிலிருந்த கரண்டியை முதலில் பிடுங்கினார்கள். விஷயத்தைக் கேட்ட ரிப்பேர்க்காரர், "மேல்வீட்டுத் தண்ணியான்னு தெரியணும், அவ்வளவுதானே? மேல துணிக்குப் போடற நீலத்தைக் கரைச்சு ஊத்துங்க. கீழ நீலமா வந்தா அதுதான்" என்று சொல்லிவிட்டு, கரண்டியை வாங்கிக்கொண்டு தப்பித்துப் போனார்.

சங்கத்துப் பணத்தில் நீலம் வாங்கினார்கள். இந்தத் தடவை குடம் தூக்கும் வேலை இல்லை. குஞ்சிதபாதமே தன் வீட்டுத் தண்ணீரில், தன் கையால் கரைத்து ஊற்றினார். கீழே எல்லாரும் கூரையைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் சொட்டு நீலமாக விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று மெத்தை முழுக்க நீலம் பரவியது. கோமளவல்லி சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினார். "ஜெயிச்சுட்டேன்! பாருங்க, எவ்வளவு நல்லா பாழாயிடுச்சு!"

குஞ்சிதபாதம் இறங்கி வந்து மெத்தையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது என் தண்ணி இல்ல" என்றார்.

"ஏன் அண்ணே? நீங்கதானே ஊத்தினீங்க?"

"கோமளம், இத்தனை வருஷமா அந்தக் குழாய்ல குளிக்கிறேன். என்னைப் பாரு. எங்கயாவது நீலமா இருக்கேனா?"

எல்லாரும் அவரை முன்னும் பின்னும் பார்த்தார்கள். எங்கேயும் நீலம் இல்லை. நேர்மையான மனிதர், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நீலம் சங்கத்துப் பணத்தில் வாங்கியது. அப்படியானால் சங்கம்தான் மெத்தை வாங்கித் தரவேண்டும். ஆனால் சங்கத்தில் கோமளவல்லியும் உறுப்பினர் ஆயிற்றே, மறுபடியும் அவரே அவருக்குக் கொடுப்பதா? பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனதும் வைத்திலிங்கம் திரும்பவும் மச்சினருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டு எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

முழுக்கதையையும் கேட்ட வக்கீலின் குரல் உடைந்திருந்தது. "அத்தான், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஒருத்தர் தண்ணி அடுத்தவங்க பொருள்ல விழுந்தாத்தான் வழக்கு. அவர் தண்ணி அவர் பொருள்லயே விழுந்துட்டா யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். என்னை விட்டுடுங்க!"

கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக மலர்ந்தது. இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது இத்தனை நாள் ஏன் திண்டாடினோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாளே காரியம் முடிந்தது. கோமளவல்லியின் மெத்தையை மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து, குஞ்சிதபாதத்தின் படுக்கையறையில், சொட்டுத் தண்ணீர் படாத இடத்தில் போட்டார்கள். குஞ்சிதபாதத்தின் மெத்தையைக் கீழே இறக்கி, கோமளவல்லியின் கட்டிலில், ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே, அளவு பார்த்துப் போட்டார்கள். இனி அவர் தண்ணீர் அவர் மெத்தையில் விழும்.

"அடுத்தவங்க மெத்தையில நான் படுக்கலாமா?" என்று குஞ்சிதபாதம் தயங்கினார்.

"தாராளமா படுங்கண்ணே. நனைச்சுடாம பாத்துக்குங்க, அது போதும்" என்றார் கோமளவல்லி.

குஞ்சிதபாதம் அந்த இலவம்பஞ்சில் சுகமாகத் தூங்கினார். கோமளவல்லியும் வெகு நாளைக்குப் பிறகு தன் கட்டிலில் ஏறிப் படுத்தார். முதுகுக்குக் கீழே மெத்தை சதசதவென்று ஈரமாக இருந்தது. மேலேயிருந்து சொட்டு ஒவ்வொன்றும் வயிற்றில் விழுந்து வழிந்தது. ஒன்றுகூடத் தன் மெத்தையில் விழவில்லை என்று நினைக்க நினைக்க அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். எல்லா நஷ்டமும் மேல்வீட்டுக்காரருக்கே!

விடிந்ததும் சொட்டுவது கொஞ்சம் குறைந்தது. கோமளவல்லி படுத்தபடியே கூரையைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"அண்ணே! உங்க மெத்தையில ஒரு ஓரம் இன்னும் காஞ்சுதான் கிடக்கு. எழுந்திரிச்சுக் குளிங்கண்ணே!"