வருகிறேன் என்றவர்களுக்கான இலை

ஈரத் தரையில் வாழையிலை விழும் சத்தம். சளப். வெகுகாலத்துக்கு முன் ஆற்றங்கரை மடத்தில் கேட்டது, இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பந்தியில் இலை போடுவது குழந்தைவேலின் வேலை. விடைபெறும்போது "போயிட்டு வரேன்" என்று சொன்ன எல்லோருக்கும் அடுத்த வேளையே இலை போட்டுவிடுவான். ஆளில்லாத இலைகள் வரிசையாகக் கிடக்கும். பசியோடு வந்தவர்கள் தூணோரம் நிற்பார்கள்.

மடத்து நிர்வாகத்தைப் பார்த்துவந்த சீடர் சண்முகம் தலையில் அடித்துக்கொண்டார். முதல் நாள் அப்படிச் சொல்லிவிட்டுப் போன அரிசிக்கடைக்காரர் ஒருவர் இனி வரவே மாட்டார் என்று சொல்லிப் பார்த்தார்.

"வரேன்னாரே, அண்ணா."

"அது சும்மா சொல்றதுப்பா."

"சும்மா எதுக்குச் சொல்லணும்?"



மடத்தில் வடிவு என்று ஒரு பெண்ணும் இருந்தாள். வயது முப்பதுக்கு மேல். பேச்சு கிடையாது. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடிவிடுவாள்.

மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர் இருவரையும் பார்த்து, ஆட்டிசம் என்றார். மேலும் ஏதோ சொல்ல வந்தார். சண்முகம் அதற்குள் எழுந்துவிட்டார். ஒரே பெயர் என்றால் ஒரே வைத்தியம்தானே.

வடிவுக்காக அட்டைகளில் படம் வரைந்தார். அவள் சோற்றுப் படத்தைத் தொட்டு, முதல் தடவையாக மறுசோறு கேட்டாள். சண்முகம் பூரித்துப்போனார். அதே அட்டைகளைக் குழந்தைவேல் கழுத்திலும் மாட்டி, இனி பேசக்கூடாது, படத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும் என்றார்.

அட்டைகளில் ரசம் இல்லை. குழந்தைவேல் ரசம் இல்லாமல் சாப்பிட மாட்டான். பட்டினி கிடந்தான்.

குழந்தைவேலுக்கு மணியடித்துச் சோறு போட்டால் பிடிக்கும். ஆகவே வடிவுக்கும் பக்கத்திலேயே ஒரு மணியைக் கட்டினார். அவள் கொட்டகையை விட்டு வெளியே வரவே இல்லை.

மடத்தின் குரு ஒரு பெண்மணி, எல்லோருக்கும் அம்மா. சண்முகம் போனபோது அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இருவரையும் ஊருக்கே அனுப்பிவிடலாம் என்றார் சண்முகம். ஊரில் அவர்களுக்கு யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. ஒரே மருந்து ஏம்மா கேட்கலை?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"வாசல்ல பல் டாக்டர் காத்திருக்கார். சண்முகத்துக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கணுமாம். சீக்கிரம் போ."

"அது தோட்டக்காரச் சண்முகம், அம்மா. எனக்குப் பல்வலி இல்லையே."

"பேரு ஒண்ணுதானே?"

சண்முகம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

யாரும் ஊருக்குப் போகவில்லை.

சில வருடங்கள் கழித்து, வடக்கே இன்னொரு மடத்தை நடத்தச் சண்முகம் கிளம்பினார். வாசலில் நின்றவர்களிடம் "போயிட்டு வரேன்" என்றார். வடிவிடம் ஒன்றும் சொல்லாமல், பஸ் படம் போட்ட அட்டையைக் காட்டினார். பின்கட்டில் இலை கழுவிக்கொண்டிருந்த குழந்தைவேலிடம் போய், தாழ்ந்த குரலில், "போறேன்ப்பா" என்றார்.

அன்று இரவுப் பந்தியில் குழந்தைவேல் அவருக்கு இலை போடவில்லை. சண்முகம் திரும்பி வரவும் இல்லை.