தார் முடிந்த இடத்தில் ஒரு முழம்

இந்த வழக்கை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும், ஆமாம். பாதியில் தீர்ப்புச் சொன்னவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் வேங்கைப்புதூரில் இதை வைத்து ஒரே வீட்டில் புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி!

தண்டபாணி நிலம் வாங்கி மனை போட்டு விற்பவர். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தலையாட்டாமல் தப்ப முடியாது. பழைய காலனித் தெரு முடிகிற இடத்தில் ஒரு கடலைக்காட்டை வாங்கினார். அந்தக் காட்டுக்குப் பின்னால் தெய்வாத்தாளின் தோட்டம். அவள் காலங்காலமாகக் காட்டு வரப்போரமாகத்தான் போய்வந்தாள், அவள் டிராக்டரும் அப்படித்தான்; வேறு வழி கிடையாது.

மனை பிரிக்கிறவர் ரோட்டுக்கான நிலத்தைப் பேரூராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி கிடைக்கும். பின்னால் இருக்கிற தோட்டத்துக்கும் வழி விட்டாக வேண்டும் என்று தலைவி ஜமுனா ஒற்றைக் காலில் நின்றார். தண்டபாணியும் சரியென்று, ரோட்டைத் தெய்வாத்தாளின் வேலிவரை வரைந்து எழுதிக் கொடுத்தார். தெய்வாத்தாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன் இரண்டு மகள்களுக்கும் தோட்டத்தைப் பிரித்துக் கொடுத்து, பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

இனிமேல்தான் கூத்து. மனை வாங்க வந்தவர்களிடம் அதே தண்டபாணி, இது முட்டுச்சந்து, வெளிவண்டி ஒன்றுகூட உள்ளே வராது என்று சத்தியம் செய்தார். நூல் மில்லில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற பாக்கியநாதன் அந்த ஒரு வார்த்தைக்காகவே கடைசி மனையை வாங்கினார். பகலில் நிம்மதியாகத் தூங்கி எத்தனையோ வருஷமாயிற்று, பாவம்.

இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது? தார் போடும்போது வேலிக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்திவிட்டார் தண்டபாணி! அந்த ஒரு முழம் தன் சொந்த இடம் என்று சொல்லி, குடியிருப்பவர்களிடம் அதையும் விற்றார். அவர்கள் கைக்காசு போட்டு வாங்கி, குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார்கள்.

தெய்வாத்தாளுக்கு வரப்பும் போயிற்று, ரோடும் போயிற்று. வழியில்லாத நிலத்தில் வீடு கட்ட யார் அனுமதி கொடுப்பார்கள்? அந்த நேரம் பார்த்துத் தண்டபாணி அவள் தோட்டத்துக்கே வந்து நின்றார்.

"வழியில்லாத பூமிய வேற யாரு வாங்குவாங்க அக்கா? கெடைச்ச வெலைக்கு நானே எடுத்துக்கறேன்."

அவள் நேரே பாக்கியநாதனிடம் போய்க் கேட்டாள். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், காபி கொடுத்தார், சுவரை மட்டும் எடுக்க முடியாது என்றார். காசு கொடுத்து வாங்கிய இடமாயிற்றே என்றார்.

மறுநாள் காலையில் தெய்வாத்தாள் டிராக்டரை எடுத்தாள். வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து ஒரே முட்டு, சுவர் பொத்தென்று சாய்ந்தது! அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த பாக்கியநாதன் லுங்கியோடு ஓடிவந்தார். தண்டபாணி வந்தார். ஊரே வந்தது. ஜமுனாவும் வந்து சேர்ந்தார்.

தார் முடிந்த இடத்தில் ரோடு முடிந்தது, மிச்சத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்பேன் என்றார் தண்டபாணி. ஏமாற்றாமல், திருடாமல், விலை கொடுத்து வாங்கினோம் என்றார் பாக்கியநாதன். வழியை மறித்தால் உடைக்காமல் கும்பிடுவதா என்று கேட்டாள் தெய்வாத்தாள்.

சொல்லுங்கள் பார்ப்போம், விற்றவர், சுவர் வைத்தவர், இடித்தவள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

யார் செய்ததும் சரியில்லை என்றார் ஜமுனா. எழுதிக் கொடுத்தது நிலத்தை, தாரை அல்ல. அதனால் அந்த முழம் அன்றைக்கே ஊருடையதாகிவிட்டது. ஊர்ச் சொத்தை விற்ற தண்டபாணி வாங்கிய காசைத் திருப்பித் தந்து, விட்ட இடத்துக்கும் தார் போட வேண்டும். பழைய காலனிக்காரர்களும் இப்படி முட்டுச்சந்து கேட்டிருந்தால் நீங்கள் எப்படி வீட்டுக்குப் போவீர்கள் என்று பாக்கியநாதனைக் கேட்டார். அவர் லுங்கியை இறுக்கிக் கட்டினார். வழி தெய்வாத்தாளுக்கு உண்டு, ஆனால் முறையிடாமல் தானே இடித்ததற்கு இடிபாட்டை அவள்தான் அள்ள வேண்டும். தெய்வாத்தாள் முகமெல்லாம் சிரிப்பாக அள்ள ஆரம்பித்தாள். மகள்களுக்குப் பிரிக்கும்போது உங்கள் ரோடும் அடுத்த தோட்டத்து வேலியைத் தொட வேண்டும் அக்கா என்று ஜமுனா சொன்னதும் அவள் கை நின்றது.

"அந்தப் பக்கமிருந்து கண்ட வண்டியும் வருமே அம்மிணி. ஒரே ஒரு மொழம் மட்டும் உட்டுக்கட்டுமா?"